மணி அடிக்காத பயர் என்ஜின்

டில்லிக்குப் போகிறவர்கள் என்னென்ன பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். செங்கோட்டை, குதுப்மினார், பிர்லா மந்திர், ராஜ்காட். நேரம் மிஞ்சினால் கரோல்பாக்கில் ஒரு சால்வை, இரண்டு ஸ்வெட்டர். நானும் போன தடவை வரை அப்படித்தான். இந்தத் தடவை ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் சில நாள் ஓய்வு கிடைத்தது. அதில் மூன்று நாளை ஒரு பழைய பயர் என்ஜினுக்கும், அதைப் பார்த்து ஒன்றேகால் அடி நீளத்தில் ஒரு மாடல் செய்துகொண்டிருக்கும் தம்பதிக்கும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஸ்வெட்டர் வாங்கவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. ஏன் என்று கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

டில்லியில் சாணக்கியபுரி என்று ஒரு பகுதி. வெளிநாட்டுத் தூதராலயங்கள் எல்லாம் அங்கேதான். அகலமான சாலைகள், வரிசையாக மரங்கள், வாசலில் துப்பாக்கியோடு காவல். இந்தப் பெரிய மனிதர்கள் வட்டாரத்துக்கு நடுவில், குழந்தைகளின் கூச்சலும் விசில் சத்தமுமாக ஓர் இடம் இருக்கிறது. அதுதான் தேசிய ரயில் மியூசியம். 1977 பிப்ரவரி முதல் தேதி திறந்தார்கள். நான் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. பூட்டிய கதவைத் தரிசித்துவிட்டுத் திரும்பினேன். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. நீங்களாவது நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மறுபடியும் போனேன். உள்ளே நுழைந்தால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாது. வேல்ஸ் இளவரசரின் 1875-ம் வருஷத்து ஸலூன், மைசூர் மகாராஜாவின் 1899-ம் வருஷத்து ஸலூன், ஒரே தண்டவாளத்தில் ஓடிய பட்டியாலா சமஸ்தானத்து ரயில் என்று ஒவ்வொன்றும் ஒரு கதை. குழந்தைகளுக்கு அதெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடும் குட்டி ரயில் போதும். அந்தக் கூட்டத்திலிருந்து விலகி நடந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அசையாதே! இன்னும் ஒரு நிமிஷம் அசையாம நில்லு!"

சுத்தத் தமிழ்! திரும்பிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பில் ஒரு பழைய பயர் என்ஜின். அதன் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பெண் மாதிரி, கைகளை ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார் ஓர் அம்மாள். எழுபத்தைந்து வயது இருக்கும். எதிரே எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், போனை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறார்.

"மூணு வருஷமா அசையாமத்தான் நிக்கிறேன். இந்த வண்டிகூட எப்பவாவது ஊர்வலம் போயிட்டு வருது!" என்றார் அம்மாள், உதட்டை மட்டும் அசைத்து.

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததால் மாட்டிக்கொண்டேன்.

"நீ தமிழாம்மா? நல்லதாப் போச்சு. இந்தப் போட்டோவை நீ எடு. எனக்குக் கண்ணுல நடுப்பக்கம் தெரியாது" என்று போனை என் கையில் கொடுத்தார் பெரியவர்.

விளையாட்டுப் பேச்சில்லை. அவருக்கு விழித்திரை தேய்ந்துவிட்டது. ஓரங்களில் இருப்பது தெரியும். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துவிடும். "யாரோட முகத்தைப் பார்க்கணும்னாலும் அவங்க காதைப் பார்க்க வேண்டியிருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

அளவுகோல் அம்மாள்

அந்த அம்மாள் எதற்காக அப்படி நிற்க வேண்டும்? கேட்டேன். பெரியவர் ரயில்வே பட்டறையில் டிராயிங் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பதில் கணக்காகவே வந்தது.

"மியூசியத்து வண்டியை நாம் தொட்டு டேப் வெச்சு அளக்க முடியுமா? முடியாது. ஆனா இவள் சரியா 5 அடி. போட்டோவில் இவள் எத்தனை அங்குலம், சக்கரம் எத்தனை அங்குலம்னு பார்த்தாப் போதும். வண்டியோட அளவு வந்துடும். ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. எதை அளக்கணுமோ அதுக்கு நேர் பக்கத்துல நிக்கணும். ஓர் அடி முன்னால வந்தா இவள் வளர்ந்துடுவாள், வண்டி குள்ளமாயிடும்!"

"கல்யாணத்தன்னிக்கு என்னைக் குள்ளம்னுதான் இவங்க வீட்டில குறை சொன்னாங்க. அதுக்கு இப்ப உபயோகம் வந்திருக்கு" என்றார் அம்மாள்.

வாசகிகளே, மாடல் என்றால் கடையில் வாங்கும் பொம்மை என்று நானும் நினைத்திருந்தேன். "பொம்மை" என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. பொம்மைக்கு அளவு கிடையாது. செய்கிறவன் கை போன போக்கு. மாடலில் ஒவ்வொரு ஆணியும் அசலில் எத்தனையோ அதில் இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்காக இருக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது பதினாறில் ஒரு பங்கு. ஏன் பதினாறு? அசல் வண்டி இங்கிலாந்தில் அடி, அங்குலக் கணக்கில் செய்தது. பதினாறில் ஒன்று என்றால் ஓர் அடி முக்கால் அங்குலமாகிவிடும், மனக்கணக்குக்குச் சுலபம். "அப்படிப் பார்த்தால் நான் மூணேமுக்கால் அங்குலம்" என்றார் அம்மாள். மூன்று வருஷத்தில் அவருக்கும் கணக்குப் படிந்துவிட்டது.

வண்டியின் ஜாதகம்

இந்தச் சிவப்பு வண்டி பிறந்தது 1914-ல், மான்செஸ்டர் பக்கத்தில். செய்தவர்கள் ஜான் மாரிஸ் கம்பெனியார். அடிச்சட்டமும் மோட்டாரும் பெல்சைஸ் என்ற கம்பெனியுடையது. பெட்ரோலில் ஓடும் பயர் என்ஜின் அப்போது உலகத்துக்கே புதிது. லண்டன் பக்கத்துப் பின்ச்லிக்காக மெர்ரிவெதர் கம்பெனியார் செய்த ஆரம்ப கால மோட்டார் பயர் என்ஜின் 1904-ல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் குதிரைகள் இழுத்த நீராவிப் பம்புகள்தாம். பத்தே வருஷத்தில் அந்தப் புதுமை கடல் தாண்டி ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேக்கு வந்துவிட்டது.

ரயில்வேக்கு எதற்குத் தனியாக ஒரு பயர் என்ஜின் என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். அன்றைய என்ஜின்கள் எல்லாம் கரி என்ஜின்கள். புகையோடு பொறியும் பறக்கும். பெட்டிகள் மரப் பெட்டிகள். ஷெட்டில் மலை மாதிரிக் கரிக் குவியல். கூட்ஸில் ஏறுவது பருத்திப் பொதி. ஒரு பொறி போதாதா?

வண்டியைச் சுற்றி வந்தேன். கூரை கிடையாது. கதவு கிடையாது. டிரைவருக்கு முன்னால் மறைப்பு கிடையாது. இரண்டு பக்கமும் நீளமாகப் பெஞ்சு மாதிரி இருக்கை. தீயணைப்புக்காரர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார வேண்டும். காலுக்கு ஒரு பலகை, கைக்கு ஒரு பித்தளைக் கம்பி. அவ்வளவுதான் பத்திரம்! இந்த அமைப்புக்குப் பிரெய்ட்வுட் பாணி என்று பெயர். ஜேம்ஸ் பிரெய்ட்வுட் எடின்பரோவில் 1824-லும், பிறகு லண்டனில் 1833-லும் தீயணைப்புப் படையைக் கட்டி வளர்த்தவர். 1861-ல் லண்டன் டூலி தெருவில் பெருந்தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது சுவர் சரிந்து அவர் மேலேயே விழுந்தது. அந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் பெயரைச் சுமந்த வண்டிகளிலும் ஆபத்து குறைவில்லை. வேகமாகத் திருப்பத்தில் வளையும்போது ஓரத்தில் இருப்பவர் உருண்டு விழுவது உண்டு. பல உயிர்கள் போன பிறகுதான் எல்லாரையும் உள்ளே உட்காரவைத்து மூடும் வண்டிகள் வந்தன.

"அந்தக் கம்பி எத்தனை பருமன்னு போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியல்லே. ஒரு நாள் இங்கே இருக்கிறவங்களைக் கெஞ்சிக் கேட்டேன். ஒரே ஒரு தடவை பிடிச்சுப் பார்க்க விட்டாங்க" என்றார் பெரியவர். வலது கையை மடக்கிக் காட்டினார், இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் மாதிரி. "அந்தப் பருமனை நான் டேப்பால அளக்கல்லே. கையிலேயே வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்."

ஏன் இந்தக் கம்பிக்கு இவ்வளவு மரியாதை? அதை அவர் அப்போது சொல்லவில்லை. "வீட்டுக்கு வாம்மா, காப்பி சாப்பிடலாம்" என்றார் அம்மாள்.

குக்கர் காஸ்கெட்டும் பல் குச்சியும்

வீடு ராமகிருஷ்ணபுரத்தில், முருகன் குடிகொண்ட மலை மந்திருக்குப் பக்கம். சிறிய பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி அதைப் பட்டறையாக்கியிருந்தார்கள். மேஜைமேல் வெள்ளைத் துணி. துணியை எடுத்ததும் நான் பேச்சற்றுப் போனேன். மியூசியத்தில் பார்த்த அதே வண்டி! யாரோ மந்திரம் போட்டுச் சுருக்கிவிட்டது போல இருந்தது.

ஆனால் உங்களுக்கும் எனக்கும் சுவையான விஷயம், அது எதனால் செய்யப்பட்டது என்பதுதான்.

டயரைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளுக்கான காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர் மாதிரியே இருக்கிறது. அது அம்மாளின் பிரஷர் குக்கர் காஸ்கெட்! "ஒரு காஸ்கெட்டை வெட்டினா மூணு டயர்தான் தேறும். நாலாவதுக்காக இன்னொரு காஸ்கெட் போச்சு. அன்னிக்கு முழுக்கச் சோறு பானையில வடிச்சேன்" என்றார் அம்மாள்.

ஏணியைப் பாருங்கள். மாடலுக்கு எந்த மரமும் உதவாது. தேக்கில் செய்தால் அதன் ரேகை பெரிதாகத் தெரியும். ஏணிக்குப் பதினாறு பங்கு பெரிய மரத்தை வெட்டின மாதிரி ஆகிவிடும். நெருக்கமான ரேகையுள்ள மரம் வேண்டும். பெரியவர் டிராயிங் ஆபீஸில் முப்பது வருஷம் பிடித்திருந்த பழைய மர ஸ்கேலை எடுத்து நெடுக்கில் அறுத்தார். பக்கச் சட்டங்கள் கிடைத்தன. குறுக்குப் படிகள் வெறும் பல் குத்தும் குச்சிகள்.

தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். அசலில் அது கித்தான் குழாய். தட்டையாகச் சுருட்டி வைப்பார்கள். கணக்குப் போட்டால் மாடலில் கால் அங்குல அகலம் வர வேண்டும். அம்மாளின் தையல் பெட்டியில் கால் அங்குல நாடா இருந்தது. பழுப்பு நிறம் வர அதைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள்.

சக்கரம்தான் உயிரை வாங்கியதாம். ஆரக்கால்களில் ஒன்று மயிரிழை தள்ளி அமைந்தாலும் சக்கரம் சுற்றும்போது நாட்டியம் ஆடிவிடும். முதலில் செய்த நான்கையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு பலகையில் காம்பஸால் வட்டம் போட்டுப் பங்கு பிரித்து, அந்தப் பள்ளங்களில் ஆரக்கால்களைப் பதித்து மறுபடி செய்தார். அதற்கு மட்டும் ஒரு வருஷம்.

பிறகு வர்ணம். அசல் வண்டிக்கு அடித்த சிவப்பையே மாடலுக்கும் அடித்தால் சரியாயிருக்கும் என்றுதானே தோன்றும்? அதே சிவப்பைப் பூசிப் பார்த்தபோது கறுத்துப்போன ரத்தம் மாதிரி இருந்ததாம். பெரிய பரப்பில் பளிச்சென்று இருக்கும் நிறம் சின்னப் பரப்பில் இருண்டுவிடும். சுரண்டி எடுத்துவிட்டு, துளி வெள்ளை கலந்து மறுபடி பூசினார்கள். "எல்லாத்தையும் பதினாறால வகுக்கலாம். வெளிச்சத்தை வகுக்க முடியாது" என்றார் பெரியவர்.

முன் விளக்குகளைப் பார்த்துக் குனிந்தேன். உருண்டையாக, பித்தளையில், நடுவில் தேய்ந்துபோன ஏதோ முத்திரை.

"இது எதில் செய்தது?"

அம்மாள் கணவரைப் பார்த்தார். அவர்தான் சொல்ல வேண்டும் என்பது போல.

"எங்கப்பாவோட சட்டைப் பித்தான். கைப்பட்டையில இருந்தது. ரெண்டுதான் மிஞ்சிச்சு. விளக்கும் ரெண்டுதானே."

அந்த இரவு

தகப்பனார் சிகந்திராபாத்தில் ரயில்வே தீயணைப்புப் படையில் இருந்தவர். குடும்பம் தலைமுறையாக அங்கேயே இருந்த தமிழ்க் குடும்பம்.

"அப்பா போனது இதே வண்டிதானா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஏழு வயசுப் பையன் நம்பர் பலகையையா பார்ப்பான்? ஆனா இதே மாதிரி வண்டி. ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிக்கிட்டுப் போவார். பித்தளையெல்லாம் நான் புளி போட்டுத் தேய்ப்பேன்."

1949-ம் வருஷம், ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம். ஒரு ராத்திரி பருத்திப் பொதியில் தீ. மணி அடித்தது. அந்த மணிச் சத்தம் கேட்டால் அவருடைய தாயார் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நின்றுவிடுவாராம். கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடு. அப்பா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை படுக்க மாட்டார். அன்று அப்பா விடியற்காலையில்தான் வந்தார். பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். வலது கை மூடியபடியே இருந்தது. திருப்பத்தில் வண்டி வளைந்தபோது பக்கத்தில் இருந்தவர் தூக்கி எறியப்பட்டாராம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியோடு போய், தீயை அணைத்து, அதே பெஞ்சில் அதே பிடியோடு திரும்பி வந்திருக்கிறார்.

"அம்மா நல்லெண்ணெயைச் சுடவெச்சுக் கொண்டாந்து, ஒவ்வொரு விரலாத் தேய்ச்சுப் பிரிச்சாள். நான் கதவு மறைவில நின்னு பார்த்தேன். விழுந்தவர் பிழைச்சாரா இல்லையான்னு எனக்கு யாரும் சொல்லல்லே. அதுக்கப்புறம் அப்பா என்னை வண்டிகிட்டே கூட்டிக்கிட்டுப் போனதும் இல்லே."

சற்று நேரம் பால்கனியில் யாரும் பேசவில்லை. கீழே காய்கறிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

ஓய்வு பெற்றபின் மகனோடு டில்லி வந்தார்கள். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையார் 1964-ல் தொடங்கிய பழைய கார்களின் ஊர்வலம் டில்லியில் பிரசித்தம். மியூசியத்துப் பயர் என்ஜினும் அதில் ஓடும். ஒரு வருஷம் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது அது மணி அடித்துக்கொண்டு போயிற்றாம். "இவர் கையில காய்கறிப் பை இருந்தது. அதைக் கீழே போட்டுட்டு, வண்டி பின்னாலயே ஓட ஆரம்பிச்சுட்டார்" என்றார் அம்மாள். அதன் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதைப் போய்ப் பார்த்தார். பார்வை மங்கத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. கண் முழுவதும் போவதற்குள் அந்த வண்டியைக் கைக்கு அடக்கமாக, தடவிப் பார்க்கும்படியாக வைத்துக்கொண்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்த மாடல்.

கினாரி பஜாரில்

மறுநாள் அம்மாளும் நானும் பழைய டில்லிக்குப் போனோம். சாவ்ரி பஜாரில் மெல்லிய பித்தளைக் குழாய் வாங்க வேண்டும். இடது பக்கத்துக் கைக்கம்பி இன்னும் பாக்கி. பிறகு கினாரி பஜாரில் ஜரிகை நூல். பயர் என்ஜினுக்கு ஜரிகை எதற்கு? அந்தக் காலத்துத் தீயணைப்பு வண்டிகளுக்கு, கல்யாணப் பெண்ணுக்குப் புடவைக் கரை போல, ஓரமெல்லாம் பொன்வரி இழுத்து அழகு பார்ப்பார்கள். பெரியவரால் அந்தக் கோட்டை இழுக்க முடியாது. ஜரிகை நூலை ஒட்டிப் பார்க்கலாம் என்பது அம்மாளின் யோசனை.

சாந்தினி சௌக்கிலிருந்து தரீபா வழியாகக் கினாரி பஜாருக்குள் நுழைந்தால் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. ஆனால் என்ன ஜொலிப்பு! சரம் சரமாக ஜரிகைக் கரைகள், கோட்டா நாடாக்கள், மாப்பிள்ளைத் தலைப்பாகைகள், சம்க்கி, மணி, குஞ்சலம். உங்களை அங்கே விட்டால் சாயங்காலம் வரை திரும்ப மாட்டீர்கள். அம்மாளோ ஒரு பூதக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நூலாகப் பார்த்து, "மோட்டா, மோட்டா" என்று ஒதுக்கினார். கடைக்காரர், "யாருக்குக் கல்யாணம், மாதாஜி?" என்றார். "ஒரு வண்டிக்கு" என்றார் அம்மாள், ஹிந்தியில், சிரிக்காமல்.

இருப்பதிலேயே மெல்லிய நூல் வாங்கி வந்தோம். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால், சின்ன வண்டியில் அது தாம்புக் கயிறு மாதிரி தெரிந்தது.

கோலக் கை

மூன்றாவது நாள் காலை நான் போனபோது வாசலில் அம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான்காவது மாடி, சிமெண்டுத் தரை. ஆனாலும் இழை பிசகாத சிக்குக் கோலம். பெரியவர் கதவருகே உட்கார்ந்து, நேரே பார்க்காமல், சற்று ஓரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்டர்கள் நீள மயிர் பிரஷ் வெச்சுக் கைபோன போக்கில இப்படித்தான் கோடு இழுப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ இழுத்துப் பாரேன்" என்றார்.

"நானா? மூணு வருஷ வேலை. ஒரு கோணல் விழுந்தா?"

"விழட்டுமே. கோணலா இருந்தா எனக்குத் தெரியப்போறதில்லே."

அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாலே மயிர் உள்ள பிரஷ். பொன் வர்ணம். மூச்சை அடக்கிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் வைத்தார். நான் எதுவும் பேசவில்லை. என் மூச்சும் நின்றிருந்தது. ஒரே இழுப்பு! முன்னாலிருந்து பின்னால் வரை தலைமுடி அகலத்தில் ஒரு தங்க இழை. எங்கும் தடிக்கவில்லை, எங்கும் அறவில்லை.

"எப்படி முடிந்தது?" என்று கேட்டேன்.

"கோலத்துல கையைப் பார்க்கக் கூடாதும்மா. எங்கே போய்ச் சேரணுமோ அந்தப் புள்ளியைப் பார்க்கணும். எங்க பாட்டி சொல்லிக் கொடுத்தது."

பெரியவர் விரல் நுனியால், ஈரம் காயாத கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி, வண்டியின் பக்கத்தை நெடுகத் தடவிக்கொண்டே போனார். முடிவில் புதிதாகப் பொருத்திய கைக்கம்பி விரலில் பட்டது. இரண்டு விரலால் அதைப் பிடித்தார். விடுவதற்குச் சற்று நேரமாயிற்று.

வண்டியின் முன்பக்கம் பித்தளை மணி. ஹரித்வாரில் வாங்கின சின்னஞ்சிறு மணியை அரத்தால் ராவிச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஆசையாக ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. உள்ளே நாக்கு இல்லை.

"இருந்தது. கழட்டிட்டேன். கிணுகிணுன்னு கொலுசு மாதிரி சத்தம் வந்தது. அது பயர் என்ஜின் மணியா?" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "அதோட, எங்கம்மா இருந்தா இப்படித்தான் கேட்டிருப்பாள். வண்டி இருக்கட்டும், மணி அடிக்க வேண்டாம்னு."

வாசகிகளே, தீயணைப்பு வீரர்களின் தைரியத்தைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். வீட்டில் கரண்டியோடு நின்ற பெண்ணைப் பற்றி யார் எழுதினார்கள்? மியூசியத்து வண்டியில் அவளுக்கு இடம் இல்லை. இந்தச் சின்ன வண்டியில் அவளுக்காக ஒரு நாக்கைக் கழற்றி வைத்திருக்கிறார் மகன்.

அடுத்த தடவை டில்லிக்குப் போனால் சாணக்கியபுரிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். குழந்தைகளைக் குட்டி ரயிலில் ஏற்றிவிட்டு, நீங்கள் அந்தச் சிவப்பு வண்டியின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அந்தப் பெஞ்சையும் கம்பியையும் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு சென்ற வாரம் ஒரு போட்டோ வந்தது. மாடல் முடிந்துவிட்டது, இரண்டு பக்கமும் பொன்வரி மின்னுகிறது. ஆனால் என் கண் போனது வேறிடத்துக்கு. சக்கரத்துக்குப் பக்கத்தில் புடவை கட்டிய ஒரு மர உருவம், கைகளை ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறது. ஸ்கேலில் மீந்த மரத்தில், கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே செதுக்கினாராம். கீழே பெரியவர் ஒரே வரி எழுதியிருந்தார்:

"மூணேமுக்கால் அங்குலம். இப்பவாவது அசையாமல் நிற்கிறாள்."